நாற்பது கோடுகளில் ஒரே ஒரு கோடு

புது சர்வர் பழசைவிட எத்தனை மடங்கு வேகம் என்று கேட்டால் ஒரே ஒரு எண்ணைப் பதிலாகச் சொல்லிவிடுகிறார்கள். நாலு மடங்கு, ஆறு மடங்கு, பத்து மடங்கு. அந்த எண் பொய் இல்லை. எங்கோ ஒரு சோதனையில், எல்லாக் கோர்களும் (பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்) மூச்சு முட்ட ஓடும்போது, அது உண்மையாகவே கிடைத்திருக்கும். ஆனால் ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை டேனரி, ஷூ கம்பெனி, பள்ளிக்கூடம், சின்ன மருத்துவமனை என்று பல இடங்களில் சர்வர் பார்த்துக்கொள்ளும் எனக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இருந்ததில்லை. இந்தப் பக்கத்தில் 2012, 2013, 2014 வாக்கில் வாங்கிய, இன்டெலின் ஜீயான் பிராசசர் போட்ட சர்வர் பெட்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை மாற்றும் பேச்சு எடுத்தாலே முதலில் மேஜைக்கு வருவது அந்த ஒற்றை எண்தான். வாங்குகிறவர் பணம் போடுவதும் அதை நம்பித்தான். ரொம்ப நாளாக மனதுக்குள் அரித்துக்கொண்டிருந்த இந்த விஷயத்தை, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நடந்ததை வைத்துச் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

அங்கே இருந்தது இரண்டு சாக்கெட் பெட்டி, அதாவது இரண்டு பிராசசர் பொருத்தியது. இரண்டிலும் இன்டெல் ஜீயான் இ5-2680 வி2. 2013-இல் வந்த சிப், 22 நானோமீட்டர், சாக்கெட்டுக்கு 10 கோர், சாதாரண ஓட்டம் 2.8 கிகாஹெர்ட்ஸ், ஒரே கோருக்கு வேலை இருந்தால் 3.6 வரை ஏறும். ஆக மொத்தம் 20 கோர், ஒரு கோர் ஒரே சமயத்தில் இரண்டு வேலையைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் 40 த்ரெட். அந்தக் காலத்துக்கு நல்ல தாராளமான பெட்டி. இதற்குப் பதிலாக ஏஎம்டியின் எபிக் 9354பி போட்ட சர்வர் ஒன்றுக்கு சென்னையிலிருந்து ஒரு விற்பனையாளர் கொட்டேஷன் கொடுத்திருந்தார். 32 கோர், 64 த்ரெட், 3.25 கிகாஹெர்ட்ஸ், உச்சத்தில் 3.8. "குறைஞ்சது நாலு மடங்கு" என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மாதக் கடைசியில் சரக்கு மதிப்பு அறிக்கை எடுக்க முக்கால் மணி நேரம் ஆகிறது என்பதுதான் அங்கே பிரச்சினை. கணக்கர் அண்ணன் முக்கால் மணியை நாலால் வகுத்து, பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் என்று முதலாளியிடம் சொல்லியே விட்டார்.

மாதக் கடைசியில் திரையில் தெரிந்தது

எனக்கு அந்தக் கணக்கில் சம்மதம் இல்லை. அதனால் அறிக்கை ஓடும்போதே போய் உட்கார்ந்து பார்த்தேன். கணக்கர் அண்ணன் பட்டனை அழுத்தியதும் ஒவ்வொரு த்ரெட்டும் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஹெச்டாப்பை நான் டெர்மினலில் திறந்தேன். த்ரெட்டுக்கு ஒன்றாக நாற்பது கோடுகள். அதில் ஒரே ஒரு கோடு மட்டும் வலது ஓரம் வரை நிறைந்து நின்றது. மற்றவை காலி. எப்போதாவது ஒன்றில் துளி பச்சை எட்டிப்பார்த்து மறையும். சில நிமிடம் கழித்து அந்த நிறைந்த கோடு ஏழாம் எண்ணிலிருந்து பதினெட்டுக்குத் தாவும். லினக்ஸ் வேலையை ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துகிறது, அவ்வளவுதான். நிறைந்திருப்பது எப்போதும் ஒன்றே ஒன்று. நாற்பதில் ஒன்று என்றால் இரண்டரை சதவீதம். முதலாளி தன் அறையில் பார்க்கும் கண்காணிப்புப் பலகையில் தெரிவதும் அந்த இரண்டரைதான். பின்னால் வந்து நின்றவர் கேட்டார்: "இன்னா தம்பி, மூணு பர்சன்ட் கூட ஓடல. மெஷின் சும்மாதானே கீது? அப்புறம் ஏன் இவ்ளோ நேரம்?"

நியாயமான கேள்வி. பத்து மடங்கு, நாலு மடங்கு என்று சொல்கிறவர்கள் யாரும் பதில் சொல்லாத கேள்வியும் கூட.

அந்த அறிக்கை என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பதில் கிடைத்துவிடும். தோல் லாட் லாட்டாக வருகிறது. பதனிட்ட ஈரத் தோலான வெட் ப்ளூவாக வாங்குவார்கள், காய்ந்து இன்னும் ஃபினிஷ் ஆகாத க்ரஸ்ட்டாக வாங்குவார்கள், ஃபினிஷ் ஆன தோலாகவும் வாங்குவார்கள். எல்லாம் சதுர அடிக் கணக்கு. ஒவ்வொரு லாட்டுக்கும் விலை வேறு. கட்டிங் பகுதிக்குத் தோல் கொடுக்கும்போது முதலில் வந்த லாட்டிலிருந்துதான் முதலில் கழிக்க வேண்டும். இன்று கொடுத்த முந்நூறு சதுர அடியின் விலை, நேற்று வரை எந்த லாட்டில் எவ்வளவு மிச்சம் என்பதைப் பொறுத்தது. நேற்றையது அதற்கு முந்தைய நாளைப் பொறுத்தது. நிதியாண்டின் முதல் நாளிலிருந்து ஒரு வரி, அதற்கடுத்த வரி என்று சங்கிலியாகப் போகிற கணக்கு. முந்தைய வரி முடியாமல் அடுத்த வரியைத் தொட முடியாது. மென்பொருள் அதை போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்குள் ஒரே லூப்பாக ஓட்டிக்கொண்டிருந்தது. அதை ஒரு கோர்தான் செய்ய முடியும். பக்கத்தில் பத்தொன்பது கோர் இருந்தாலும், தொண்ணூற்றொன்பது இருந்தாலும் ஒன்றுதான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. ஜீன் ஆம்டால் 1967-லேயே சொல்லிவிட்டார். ஒரு வேலையில் பிரிக்க முடியாத பகுதி பாதி என்றால், எத்தனை ஆயிரம் பிராசசர் சேர்த்தாலும் மொத்த வேகம் இரண்டு மடங்கைத் தாண்டாது. பிரிக்க முடியாதது இருபதில் ஒரு பங்கு என்றாலும் உச்சவரம்பு இருபது மடங்குதான். எங்கள் அறிக்கையில் ஏறக்குறைய முழுவதுமே பிரிக்காத பகுதி. அப்படியென்றால் கோர் எண்ணிக்கை கூடியதால் கிடைக்கப்போவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஒரு கோர், இன்னொரு கோர், இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தி ஒப்பிடுவது மட்டுமே இங்கே அர்த்தமுள்ள ஒப்பீடு.

ஒரு கோருக்கு ஒரு கோர்

பழையதன் உச்சம் 3.6 கிகாஹெர்ட்ஸ், புதியதன் உச்சம் 3.8. ஏறக்குறைய பத்து வருட இடைவெளியில் சிப்பின் கடிகார வேகம், அதாவது விநாடிக்கு எத்தனை துடிப்பு என்பது, நகர்ந்தது இவ்வளவுதான். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. சிப்பைச் சுருக்கச் சுருக்க மின்னழுத்தமும் குறைந்து, வெப்பம் ஏறாமலே வேகம் ஏறிய காலம் 2005-ஐ ஒட்டியே முடிந்துவிட்டது. இன்டெல் டெஜாஸ் என்ற தன் சிப் திட்டத்தை 2004-இல் கைவிட்டதும், அதன் பிறகு எல்லோரும் கோர்களைப் பெருக்கத் தொடங்கியதும் அதனால்தான். அதற்காகப் புதிய கோர் பழைய கோரைப் போலவே ஓடுகிறது என்றும் சொல்ல முடியாது. ஒரு துடிப்புக்குள் அதிகக் கட்டளைகளை முடிக்கிறது. அடுத்து எந்தக் கிளையில் போகவேண்டும் என்பதை முன்கூட்டியே ஊகிப்பதில் பெரிதும் தேறியிருக்கிறது. பழையதில் கோருக்கு 256 கிலோபைட் இருந்த இரண்டாம் நிலை கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான நினைவகம்) புதியதில் 1 மெகாபைட். இவைதான் உண்மையான முன்னேற்றம். ஆனால் கொட்டேஷனில் இவை தடித்த எழுத்தில் வருவதில்லை.

தடித்த எழுத்தில் வந்தது மூன்றாம் நிலை கேஷ்: 256 மெகாபைட். பழையதில் சாக்கெட்டுக்கு 25. பார்த்தவுடன் பத்து மடங்கு என்று கணக்கு போடத் தோன்றும். அந்த 256 ஒரே குளமாக இல்லை. எபிக்கின் உள்ளே எட்டு சில்லுகள், ஒவ்வொன்றிலும் நாலு கோர், ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக 32 மெகாபைட். ஒரு கோர் தன் சில்லின் 32-ஐ மட்டும்தான் நிரப்பிக்கொள்ள முடியும். எங்கள் அறிக்கையின் கண்ணில் 25 என்பது 32 ஆகியிருக்கிறது, அவ்வளவே. ரேம் கதையும் இதேதான். பழையதில் சாக்கெட்டுக்கு நாலு வழிகளில் டிடிஆர்3-1866, விநாடிக்கு ஏறத்தாழ 60 ஜிகாபைட். புதியதில் பன்னிரண்டு வழிகளில் டிடிஆர்5-4800, விநாடிக்கு 460. அகலத்தில் பிரம்மாண்டமான வளர்ச்சி. ஆனால் ரேமில் ஒரு இடத்தைக் கேட்டுவிட்டு அது வந்து சேரும்வரை காத்திருக்கும் நேரம் அன்றும் இன்றும் நூறு நானோவிநாடியை ஒட்டியே சுற்றுகிறது. ஒரு வரியைப் படித்து, அதில் இருப்பதை வைத்து அடுத்த வரியைத் தேடிப்போகும் வேலைக்கு அந்தக் காத்திருப்புதான் முக்கியம், அகலம் இல்லை.

வாயால் சொன்னால் யாருக்கும் நம்பிக்கை வராது என்பதால், கொட்டேஷனில் இருந்த அதே பிராசசர் போட்ட சர்வர் ஒன்றை மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்தோம். பெயர்களையெல்லாம் மறைத்துவிட்டு, தரவின் நகலை அதில் ஏற்றி, அதே அறிக்கையை ஓட்டினோம். முக்கால் மணி அரை மணிக்குக் கொஞ்சம் கீழே வந்தது. கணக்கர் அண்ணன் எதிர்பார்த்த பன்னிரண்டு நிமிடம் எங்கே, இது எங்கே. ஹெச்டாப்பில் இப்போது அறுபத்து நாலு கோடுகள். நிறைந்திருந்தது ஒன்று. முதலாளியின் பலகையில் அது ஒன்றரை சதவீதமாகத் தெரிந்திருக்கும். அதாவது இன்னும் அதிகமாகச் சும்மா இருக்கும் மெஷின்.

பிறகு இன்னொன்றையும் வாடகைக்கு எடுத்தோம். ஏஎம்டியின் அதே தலைமுறை (ஜென் 4), ஆனால் சின்னது. எபிக் 4464பி, 2024 மே மாதம் வந்தது. 12 கோர்தான், ரேமுக்கு இரண்டே வழி. டெஸ்க்டாப்பில் போடுகிற ஏஎம்5 சாக்கெட்டிலேயே உட்காரும். பட்டியலில் பார்த்தால் பெரியதன் பக்கத்தில் நிற்கக்கூடத் தகுதி இல்லாதது போலத் தெரியும். ஆனால் ஒரு கோர் 5.4 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறும். அறிக்கை இருபது நிமிடத்தில் முடிந்தது. விலை கொட்டேஷனில் இருந்ததில் ஒரு சின்னப் பங்கு.

பிரியாணி அண்டா

முதலாளியிடம் இந்த எண்களைக் காட்டியபோது, கோர், த்ரெட், கேஷ் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு அவரே சொன்னார்: "ஒரு அண்டா பிரியாணி தம்முல இருந்தா, பத்து மாஸ்டர் சுத்தி நின்னாலும் அது அதோட நேரத்துக்குத்தான் வேகும். பத்து அண்டா போட்டா பத்து மாஸ்டரும் வேணும். நம்மளுது ஒரு அண்டாவா, பத்து அண்டாவா?" ஆம்பூர்க்காரரிடம் இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எதிர்பார்த்திருக்க முடியாது. இந்த முழு விவகாரத்தையும் திருப்பிப்போட்டது அந்தக் கடைசிக் கேள்விதான்.

ஏனென்றால் யோசித்துப் பார்த்தால் அது ஒரு அண்டா இல்லை. சங்கிலி உண்மைதான், ஆனால் ஒரே சங்கிலி இல்லை. ஒவ்வொரு ஆர்ட்டிகிளுக்கும், அதாவது தோல் வகைக்கும், தனித்தனிச் சங்கிலி. கறுப்பு நப்பாவின் மிச்சத்துக்கும் பழுப்பு சூயிடின் மிச்சத்துக்கும் சம்பந்தமே கிடையாது. மென்பொருள் எழுதப்பட்ட காலத்தில் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கோத்துவிட்டிருந்தார்கள். அன்றைக்குத் தரவு குறைவு, யாருக்கும் அது உறுத்தவில்லை. எழுதியவர் காட்பாடியில்தான் இருக்கிறார். போய்ப் பேசினோம். ஆர்ட்டிகிள் வாரியாகப் பிரித்து, தனித்தனி இணைப்புகளில் ஒரே சமயத்தில் ஓடும்படி மாற்றித் தர ஒப்புக்கொண்டார். பெரிய மாற்றமும் இல்லை. கணக்கிடும் விதி அப்படியேதான் இருக்கிறது, வரிசை மட்டும் பிரிந்தது.

மாற்றியதை முதலில் பழைய ஜீயானிலேயே ஓட்டினோம். நாற்பது கோடுகளும் ஒரே சமயத்தில் நிறைந்து நின்றதை அந்தப் பெட்டியில் நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. விசிறிகளின் சத்தம் ஏறியது. முக்கால் மணி நேர அறிக்கை ஆறு நிமிடத்தில் முடிந்தது. எபிக் எதுவும் இல்லாமல், ஒரு ரூபாய்க்குக்கூடப் புதிய வன்பொருள் வாங்காமல், 2013-இன் சிப்பில். விற்பனையாளர் சொன்ன நாலு மடங்கைத் தாண்டிய வேகம் அத்தனை வருடமும் அந்தப் பெட்டிக்குள்ளேயே படுத்திருந்திருக்கிறது. பழைய பிராசசரைக் குறை சொல்லும் முன் அதை ஒருமுறையாவது முழுசாக ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் இப்போது எல்லோரிடமும் பிடிவாதமாகச் சொல்வது இதைப் பார்த்த பிறகுதான்.

அப்படியென்றால் பழையதே போதுமா

போதாது என்பதுதான் என் முடிவு. காரணம் வேகம் இல்லை. முதல் காரணம் வெயில். வேலூர்ப் பக்கத்து வெயிலைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கத்திரி நாட்களில் சர்வர் அறையின் ஏசி இரவும் பகலும் ஓடுகிறது. இரண்டு 115 வாட் சிப், பதினாறு டிடிஆர்3 ரேம் கட்டைகள், சுழலும் டிஸ்க்குகள் எல்லாம் ஒன்றும் செய்யாமல் நிற்கும்போதும் வெப்பம் தள்ளிக்கொண்டே இருக்கும். சின்ன எபிக்கின் மதிப்பீடு 65 வாட். நூறு வாட் வித்தியாசம் வருடம் முழுக்க நின்றால் 876 யூனிட். அந்த வெப்பத்தை வெளியேற்ற ஏசி இழுப்பது அதற்கு மேல். சர்வர் தன் ஆயுளில் பெரும்பகுதியைச் சும்மா இருந்தே கழிக்கிறது என்பதால், உச்ச வேகத்தைவிடச் சும்மா இருக்கும்போது இழுக்கும் மின்சாரத்தைத்தான் நம் ஊரில் முதலில் அளக்க வேண்டும் என்பது என் கருத்து. யூபிஎஸ் திரையில் லோடு எவ்வளவு என்று காட்டும். அதைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும், யாரும் பார்ப்பதில்லை.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஓட்டைகள் வெளியே வந்தன. அவற்றில் மெல்ட்டவுனை அடைக்க லினக்ஸின் மையப் பகுதியான கர்னல், பயனர் பக்கமும் கர்னல் பக்கமும் ஒரே முகவரி அட்டவணையைப் பகிர்வதை நிறுத்தியது. அதனால் தரவுத்தளம் கர்னலை ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் கூடுதல் செலவு. அந்தச் செலவைக் குறைக்க உதவும் ஒரு கட்டளை இன்டெலின் ஹாஸ்வெல் தலைமுறையில்தான் வந்தது. எங்கள் ஜீயான் அதற்கு முந்தைய ஐவி பிரிட்ஜ். ஆகவே 2013-இல் யாரோ எடுத்துவைத்த சோதனை முடிவுகளை வைத்துக்கொண்டு இன்று ஒப்பிடுவது சரியில்லை. பெட்டி அதேதான், ஆனால் ஒட்டுப்போட்ட பிறகு அதன் நடை மாறிவிட்டது. ஒட்டுப்போடாமல் விடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். சம்பளக் கணக்கும் ஏற்றுமதி ஆவணங்களும் இருக்கிற பெட்டியில் நான் அதற்கு ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மூன்றாவது, இயங்குதளம் கைவிடுவது. 2025-இல் வந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10-க்கு ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு உள்ள பிராசசர் வேண்டும். ஐவி பிரிட்ஜில் அது கிடையாது. முந்தைய 9-ஆம் பதிப்பு இன்னும் பல வருடம் ஓடும், அல்மாலினக்ஸ் பழைய சிப்களுக்கென்றே தனியாக 10-ஐ உருவாக்கித் தருகிறது. ஆகவே நாளைக்கே தூக்கிப்போட வேண்டிய அவசரம் இல்லை. ஆனால் கதவு ஒன்று மூடிவிட்டது. அடுத்த ஐந்து வருடத்துக்கு ஒரு கம்பெனியின் கணக்கை அதில் வைக்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன். வீட்டில் வைத்துக் கற்றுக்கொள்ள விரும்பும் விஐடி மாணவர் கேட்டால் தாராளமாக வாங்கு என்பேன். குறைந்த விலைக்கு 20 கோரும் பிழை திருத்தும் ரேமும் வேறு எங்கே கிடைக்கும்? சென்னை ரிச்சி தெருவில் தேடினால் இந்த வகை அகப்படும். கரண்ட் பில் கட்டுவது யார் என்பதை மட்டும் வீட்டில் முதலிலேயே பேசிவிட வேண்டும்.

கடைசியில் வாங்கியது 12 கோர் பெட்டிதான். அதிலும் ஒரு விஷயம் கவனத்துக்குரியது. மாற்றி எழுதிய அறிக்கை அதில் மூன்று நிமிடத்துக்குள் முடிகிறது. அந்த நேரத்தில் பாதிக்கு மேல், கடைசிப் பகுதியில், மறுபடியும் ஒரே ஒரு கோடுதான் நிறைந்து நிற்கிறது. வருடம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும் கறுப்பு நப்பா ஆர்ட்டிகிளின் சங்கிலி அது. மற்ற எல்லா ஆர்ட்டிகிளும் முடிந்த பிறகும் அது மட்டும் தனியாக ஓடுகிறது, மற்ற கோர்கள் அதற்காகக் காத்திருக்கின்றன. பழைய ஜீயானில் ஆறு நிமிடம் ஆனதும் அந்த ஒரு சங்கிலியால்தான். 32 கோரை வாங்கியிருந்தாலும் இந்தக் கடைசிப் பகுதி 5.4-இல் ஓடாமல் 3.8-இல்தான் ஓடியிருக்கும். எத்தனை பிரித்தாலும் மிகநீளமான சங்கிலிதான் மொத்த நேரத்தைத் தீர்மானிக்கிறது. அந்தச் சங்கிலியின் வேகம் ஒரு கோரின் வேகம்.

பழைய பெட்டி தூக்கியெறியப்படவில்லை. வழக்கமாக அணைந்தே கிடக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை அதை எழுப்பி, அந்த வார பேக்கப்பை அதில் மீட்டுப் பார்க்கிறோம். மீட்கப்பட்ட தரவில் அறிக்கையை ஓட்டி, புதுப் பெட்டியின் கூட்டுத்தொகையோடு பைசா வரை சரிபார்த்துவிட்டு மறுபடி அணைத்துவிடுகிறோம். கணக்கர் அண்ணனின் வழக்கமும் மாறிவிட்டது. முன்பெல்லாம் மாதக் கடைசி வரை தோலின் உண்மையான அடக்க விலை யாருக்கும் தெரியாது. ஷூ வாங்கும் பையருக்கு விலை சொல்லும்போது போன மாதத்து எண்ணை வைத்துத்தான் சொல்வார்கள். போன தடவை போனபோது சொன்னார்: "இப்பலாம் விலை சொல்றதுக்கு முன்னாடியே ஒரு தபா ஓட்டிப் பாத்துட்றேன் தம்பி. சதுர அடிக்கு ரெண்டு ரூபா வித்தியாசம் வந்தா அப்பவே தெரிஞ்சி போவுது."